ஒரே கதை, இரண்டு வண்டி: எந்த 'செஃப்' பார்க்கலாம்?

ஜான் ஃபாவ்ரோ எழுதி, இயக்கி, நடித்த 2014 'செஃப்' ஒரு பக்கம். அதையே இந்தியில் எடுத்த, சைஃப் அலி கான் நடித்த 2017 படம் இன்னொரு பக்கம். வேலை போன சமையல்காரர், விவாகரத்தான மனைவி, அப்பாவுக்காக ஏங்கும் பையன், கடைசியில் எல்லாரையும் ஒன்று சேர்க்கும் உணவு வண்டி என்று எலும்புக்கூடு ஒன்றுதான்.

ஆங்கிலப் படத்தில் வண்டி மயாமியில் கிளம்பி நியூ ஆர்லியன்ஸ், ஆஸ்டின் வழியாக லாஸ் ஏஞ்சலஸ் போகிறது. அதில் ஒரு காட்சி: பையன் கருகிப்போன சாண்ட்விச்சை, சும்மா சாப்பிடுகிறவர்கள்தானே, காசா கொடுக்கிறார்கள், இது போதும் என்கிற மாதிரி நீட்டப் போவான். அப்பா கத்தமாட்டார், தனியாகக் கூட்டிக்கொண்டு போய் இந்த வேலை தனக்கு என்ன என்று நிதானமாகச் சொல்லுவார், பையனும் புரிந்துகொண்டு அடுப்புக்குத் திரும்புவான். அப்புறம் பையனுக்காக அவர் சீஸ் சாண்ட்விச் சுடும் காட்சி இருக்கிறதே, பசியோடு பார்த்தால் உங்கள் பாடு!

இந்திப் படத்தில் வண்டி கொச்சியில் கிளம்பி கோவா வழியாக டெல்லி போகிறது, அது ஒரு டபுள் டெக்கர் பஸ். ரொட்டியையும் பீட்சாவையும் கலந்த 'ரொட்ஸா' எனக்கு ஒட்டவே இல்லை. ஆனால் சமையல் வேண்டாம் என்ற அப்பாவை விட்டு ஓடிப்போன மகன்தான் இந்தச் சமையல்காரர் என்ற பழைய காயம் இதில்தான் இருக்கிறது, அது நம் வீட்டுக் கதை மாதிரியே வலிக்கிறது.

ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் 2014 படம், சாப்பிட்டுவிட்டு.