2 டிபி என்று சொல்லி 64 ஜிபியைத் தலையில் கட்டினார்கள்: ₹7,490 போச்சு

எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி (கணினியில் வெளியிலிருந்து செருகும் வேகமான சேமிப்பு டிரைவ்) வாங்கலாம் என்று இணையத்தில் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஏழாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு ரூபாய் கொடுத்து நான் வாங்கியது 2 டிபி, அதாவது ஏறக்குறைய 2000 ஜிபி எஸ்எஸ்டி. பெட்டிக்குள் இருந்தது 64 ஜிபி மெமரி கார்டு. நேற்று மாலை அதைப் பிரித்துக் கண்ணால் பார்த்தேன். இன்று காலை "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று மெயில் வந்திருக்கிறது. ஆத்திரம் அடங்கவில்லை.

தளத்தின் பெயரைச் சொல்லவில்லை. பல விற்பனையாளர்கள் கடை விரித்திருக்கும் வகை, நம்மில் முக்கால்வாசிப் பேர் போனில் வைத்திருப்பது.

அப்பா மேடைப் பேச்சுப் பைத்தியம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யார் கூட்டம் போட்டாலும் கட்சி பார்க்காமல் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விடுவார். தேர்தல் பிரசாரம், பட்டிமன்றம், புத்தக வெளியீடு எல்லாம் கேசட்டில் ஏறும். அவர் போன பிறகு அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினேன். பல கேசட்டுகளில் பூஞ்சை. சிலவற்றில் ஒருமுறை ஓட்டியதுமே நாடா அறுந்துவிட்டது, இனி அவற்றை எடுக்கவே முடியாது. சிடி தரத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல் பிடிக்கும். அத்தனையும் இருந்த பழைய ஹார்டு டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்ததால்தான் அவசரமாக எஸ்எஸ்டி தேடினேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. மதிப்புரைகளைப் படித்தேன், வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பார்த்தேன். விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்று பச்சை முத்திரை இருந்தது. அது போதாதென்று சாட்டிலும் கேட்டேன். "அப்பாவின் பழைய பதிவுகளை வைக்கப் போகிறேன், நம்பி வாங்கலாமா?" என்று அப்படியே எழுதினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது: "அசல் சரக்கு மேடம். ஒரு வருட வாரண்டி. எதுவாக இருந்தாலும் நாங்கள் இருக்கிறோம்." அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். எதை வைக்கப் போகிறேன் என்று தெரிந்துகொண்டே விற்றிருக்கிறான். ₹7,490 போனதைவிட அதுதான் வயிற்றெரிச்சல்.

வந்த பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலோக உறை, கையில் வைத்தால் நல்ல கனம். கணினியில் செருகினால் 1.81 டிபி என்று காட்டியது. அசல் 2 டிபி டிரைவும் விண்டோஸில் அப்படித்தான் காட்டும், அது 1000-க்குப் பதில் 1024-ஆல் வகுத்துக் கணக்குப் போடுவதால். இந்தக் கணக்கு வரை பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். முதலில் கொஞ்சம் ஏற்றி ஓடவிட்டுப் பார்த்தேன், தெளிவாகக் கேட்டது. பிறகு எல்லாவற்றையும் ஏற்றினேன். வேகம் நத்தைதான், ஆனாலும் ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. அடுத்த வாரத்திலேயே பழைய டிஸ்க் ஒரேயடியாக நின்றுபோனது. சரி, அதுதான் இதில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் ஒருநாள் அம்மா ஒரு தேர்தல் கூட்டப் பேச்சைக் கேட்க ஆசைப்பட்டார். ஃபைல் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அளவும் சரி. ஓடவிட்டால், பேச்சின் நடுவில் திடீரென்று பட்டிமன்றக் கைத்தட்டல். இன்னொன்றைத் திறந்தால் வெறும் இரைச்சல். மற்றொன்று திறக்கவே இல்லை.

என்ன நடக்கிறதென்றால், இந்தப் போலிகளுக்குள் டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பை, கணினி கேட்டால் 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றிவைக்கிறார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வரும் ஃபைல்கள் ஏற்கெனவே இருப்பவற்றின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாது. பெயர்ப் பட்டியல் மட்டும் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். அதனால் எல்லாம் இருப்பது போலவே தெரியும். திறந்து பார்க்கும்வரை தெரியாது. அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும். எனக்கும் முடிந்திருந்தது.

வாடிக்கையாளர் சேவையைப் பிடித்தேன். முதலில் ரோபோ. அதைத் தாண்டினால் ஒருவர், "சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம், ஃபார்மேட் செய்து பாருங்கள்" என்கிறார். அழிந்துபோன பதிவுகளுக்கு, இருப்பதையும் துடைத்துவிடும் ஃபார்மேட்டாம்! அடுத்தவர், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டார். அதற்கடுத்தவர், "கணினியில் 2 டிபி காட்டுகிறதா? அப்படியென்றால் பொருளில் குறை இல்லை" என்று முடித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் புதிய ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். விற்பவரிடமே பேசுங்கள் என்றார்கள். அவர் கடைப் பக்கமே காணோம். "நாங்கள் இருக்கிறோம்" என்று சொன்ன அதே சாட்டில் இப்போது என் கேள்விகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.

எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். டிரைவ் முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 60 ஜிபிகூட முழுதாகத் தேறவில்லை. அந்த முடிவைப் படம் எடுத்து அனுப்பினேன். "வெளி மென்பொருள் முடிவுகளை ஏற்க இயலாது" என்றார்கள். பிறகுதான் தெரிந்த சர்வீஸ் கடையில் கொடுத்துப் பிரித்தேன். உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு, சின்ன போர்டில் பசை போட்டு ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஓர் இரும்புத் தகடு, கனத்துக்காக. கடைக்காரத் தம்பி, "அக்கா, இந்த மாதிரி நிறைய வருது" என்றார். அந்தப் படத்தையும் அனுப்பினேன். இன்று காலை பதில்: உறையைத் திறந்துவிட்டதால் வாரண்டி செல்லாது, புகார் முடித்துவைக்கப்பட்டது. ₹7,490 அவர்களுக்கு, இரும்புத் தகடு எனக்கு.

வாங்குவது பற்றி விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

எந்த மெமரி கார்டு, பென் டிரைவ், எஸ்எஸ்டி வாங்கினாலும் வந்த அன்றே, ஒரு ஃபைலும் ஏற்றுவதற்கு முன், எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டுங்கள். லினக்ஸ், மேக் கணினி என்றால் அதே வேலையைச் செய்யும் எஃப்3 மென்பொருள். பெரிய டிரைவுக்கு மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். எஸ்எஸ்டி என்று சொல்லிவிட்டு மெமரி கார்டு வேகத்தில் ஊர்ந்தால் உடனே சந்தேகப்படுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். சாட்டில் விற்பவர் சொன்னதை எல்லாம் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

ஏமாந்தால், தளம் கைகழுவுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர்களுக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எழுதிக் கேட்டால் விற்பவரின் முகவரியையும் தர வேண்டும். நான் அந்த அலுவலருக்கே இன்று எழுதிவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசிப் பதிவு செய்துவிட்டேன். அதிலும் ஒன்றும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

இதே மாதிரி போலி டிரைவுக்கு ஆணையம் வரை போய்ப் பணம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எந்தெந்த ஆதாரத்தைக் கேட்டார்கள் என்று எழுதுங்கள். பிரித்த டிரைவை அப்படியே கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.