ப்ளெக்ஸ் ஓட்டிய பழைய மைக்ரோசர்வர், இப்போது வீட்டுக் கோப்புக் கிடங்கு

ஹெச்பி மைக்ரோசர்வர் என்54எல், 2013 வாக்கில் வந்த பெட்டி. ஏஎம்டி டூரியன் ப்ராசஸர், இரண்டே கோர், 2.2 கிகாஹெர்ட்ஸ். கடலூரில் எங்கள் வீட்டில் ரொம்ப காலம், சேமித்த படங்களை டிவிக்கு அனுப்பும் ப்ளெக்ஸ் மென்பொருளை ஓட்டிக்கொண்டிருந்தது. 1080பி படத்தை ஒப்பேற்றிவிடும். 4கே கோப்பை டிவிக்குத் தெரிந்த வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னால் படம் நின்று நின்று வரும். இப்போதைய டிவி எல்லா வடிவத்தையும் தானே ஓட்டிக்கொள்வதால், அந்த வேலையைப் பிடுங்கிவிட்டு ஃபோட்டோ, வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், லேப்டாப் பேக்கப் எல்லாவற்றையும் இதில் கொட்டிவிட்டேன்.

அதற்கு இந்தப் பெட்டி தாராளமாகப் போதும். கோப்புக் கிடங்குக்கான இயங்குதளமான ட்ரூநாஸ் குறைந்தது 8 ஜிபி ராம் கேட்கும். இதில் இருப்பது 4 ஜிபி. அதனால் அதே வேலைக்கு, டெபியன் லினக்ஸ் மேல் ஓடும் ஓப்பன்மீடியாவால்ட். பெரிய கோப்பு என்றால் கிகாபிட் கேபிளில் நொடிக்கு 100 எம்பியைத் தொடும். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபோட்டோ என்றால் டீ குடித்துவிட்டு வரலாம். டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்ய (ரகசியக் குறியீட்டில் பூட்டிவைக்க) நினைப்பவர்கள் யோசிக்கவும்: இந்த ப்ராசஸரில் அதற்குப் பயன்படும் ஏஇஎஸ் முறைக்கான தனி வசதி கிடையாது, வேகம் படுத்துவிடும்.

மாடியில் இருந்த பழைய மீடியா பிளேயருக்கு நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் பழைய முறையான எஸ்எம்பி1 மட்டும்தான் தெரியும். 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை புகுந்த வழியே அதுதான். விண்டோஸே அதை மூடிவைத்திருக்கும்போது நான் ஏன் திறக்க வேண்டும்? பிளேயரைத்தான் மாற்றினேன்.

இந்த ஊரில் ப்ராசஸரைவிடப் பெரிய கவலை உப்புக் காற்று. கடலோரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஜன்னல் கம்பியே சாட்சி. இந்தப் பெட்டியின் முன்கதவுக்கு உட்புறம் உதிரி ஸ்க்ரூக்களை வரிசையாகச் செருகி வைத்திருப்பார்கள். அவற்றின் தலையில்தான் முதலில் துரு ஏறியது. பிறகு ஒருநாள் பெட்டி எழும்பவே இல்லை. ராமைக் கழற்றி, அதன் இணைப்புக் கால்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. அப்போதிருந்து மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை திறந்து, பின்பக்க விசிறியில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும் தூசியைத் துடைத்துவிடுகிறேன். ஜன்னலோரத்திலிருந்து உள் அறைக்கும் மாற்றியாகிவிட்டது.

அடுத்தது கரண்ட். யூபிஎஸ்ஸை யூஎஸ்பியில் இணைத்து, அதன் நிலையைக் கவனிக்கும் நட் (NUT) ப்ளகின் போட்டிருக்கிறேன். பேட்டரி இறங்கினால் பெட்டி தானாக ஒழுங்காக அணையும். கரண்ட் வந்ததும் தானே எழும் வசதியை மட்டும் பயாஸில் அணைத்துவைத்தேன். இங்கே புயல் நாளில் கரண்ட் ஒரேயடியாக வராது, வந்து வந்து போகும். ஒவ்வொரு தடவையும் டிஸ்க் சுற்றி நிற்பது நல்லதில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இந்த ஏற்பாடு கைகொடுத்தது. டிஸ்க்கில் ஒரு கோப்புக்கும் சேதமில்லை.

நாலு டிஸ்க் மாட்ட இடமிருந்தும், ஒரே கோப்பை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரைடு போடவில்லை. ரைடில் ஒன்றை அழித்தால் இரண்டிலும் அழியும். அதற்குப் பதில் ராத்திரி ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் ஓடி முதல் டிஸ்க்கில் புதிதாக வந்ததை இரண்டாவதுக்கு எடுத்துவைக்கிறது. அழித்ததை அழிக்கச் சொல்லவில்லை. மூன்றாவது பிரதி வெளி டிஸ்க்கில், பண்ருட்டியில் அக்கா வீட்டு பீரோவில். 2011இல் கடலூரைத் தாக்கிய ‘தானே’ புயலைப் பார்த்தவர்களுக்கு ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைக்க மனசு வராது.

இதைப் புதிதாகத் தேடி வாங்கலாமா என்றால், வேண்டாம். இரண்டு டிஸ்க்கோடு சுமார் 40 வாட் இழுக்கிறது, அதாவது நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட். இரண்டு மாத பில்லில் அறுபது யூனிட் கூடும். 500ஐ ஒட்டி நிற்கும் வீடு என்றால் கட்டண விகிதமே மாறிவிடும். சும்மா கிடக்கும் பெட்டி கையில் இருந்தால் மட்டும் தூசி தட்டி எடுங்கள். டிஸ்க்கை மட்டும் புதிதாக வாங்குங்கள்.