பொலோன்யா வாக்கிங் டூர்: 300 வெள்ளிக்கு வொர்த்தா?

போன மாசம் அம்மாவ கூட்டிட்டு இத்தாலி போனப்ப பொலோன்யால ஒரு வாக்கிங் டூர் எடுத்தோம், பினாங்குலேர்ந்தே ஆன்லைன்ல புக் பண்ணது, ரெண்டு பேருக்கு 60 யூரோ, நம்ம மலேசியா காசுக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) கிட்ட வரும். கம்பெனி பேரு வேணாம்.

குறைய மொதல்ல சொல்லிடறேன். 12 பேருக்கு மேல இருக்காதுன்னு போட்டிருந்தாங்க, எண்ணி பாத்தா 23 தலை. கைடு பேசறத கேக்க காதுல மாட்டிக்க ஒரு மெஷின் குடுத்தாங்க, அம்மாவோடது ஒரே கரகரன்னு, மாத்தி கேட்டா வேற இல்லையாம். அதவிட கடுப்பு என்னன்னா அசினெல்லி கோபுரத்துல 498 படி ஏறலாம்னு விளம்பரத்துல இன்னும் இருக்கு, ஆனா பக்கத்துல சாஞ்சு நிக்கிற கரிசெண்டா கோபுரம் ஆபத்தா இருக்குன்னு 2023 அக்டோபர்லேயே ரெண்டையும் மூடிட்டாங்களாம், அங்க போய் நின்னப்புறம்தான் தெரியுது. முட்டி வலிக்காரங்க அம்மா, அவங்களுக்கு என்னவோ சந்தோஷம்தான்.

ஆனா கைடு பொண்ணு நல்லா வெவரமா பேசுச்சு. காலைலேர்ந்து மழை, ரெண்டு குடை கொண்டு போயிருந்தோம், விரிக்கவே இல்ல. எங்க பாத்தாலும் மாடிக்கு அடியில தூண் வச்ச நடைபாதை. "ஏம்மா, நம்ம மார்க்கெட் ஸ்ட்ரீட் அஞ்சடி மாதிரியே இருக்கே"ன்னாங்க அம்மா. அதேதான், பினாங்குல கடைங்களுக்கு முன்னாடி மாடிக்கு அடியில விடற நடைபாதைய அஞ்சடின்னுதான சொல்வோம். நம்மளோடது அகலத்துல அஞ்சடி, அவங்களோடது ஏழடி, ஆனா இது ஒசரக் கணக்கு, அந்த ஊரு அடில ஏழுன்னா 2.66 மீட்டர், குதிரை மேல போறவன் தலை இடிக்கக்கூடாதுன்னு வச்சதாம். 1288-லயே புது வீடு கட்டுனா இதையும் சேத்து கட்டணும்னு சட்டம், எடம் வீட்டுக்காரனுக்கு சொந்தம் ஆனா யாரு வேணா நடக்கலாம். ஊரு முழுக்க சேத்தா 62 கிலோமீட்டர், 2021-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. எங்க பினாங்கு ஜார்ஜ்டவுன் 2008-லயே சேந்துருச்சுன்னு நானும் விடாம சொல்லிட்டேன் லா. ஆனா நம்மூரு அஞ்சடில மோட்டாரு, கேஸ் தோங்கு (சிலிண்டர்), ஸ்டூலுன்னு எல்லாம் கெடக்கும், ரோட்டுல எறங்கி ஏறி எறங்கிதான் நடக்கணும், அங்க அம்மா ஒரு எடத்துலயும் மழைல எறங்கல.

ரெண்டு மணி நேரத்துல டூர் முடிஞ்சுருச்சு, கடைசில ருசி பாக்கன்னு ஒரு கடை. பன்னி, மாடு ரெண்டும் சாப்பிட மாட்டோம்னு முன்னாடியே எழுதி அனுப்பியும் தட்டு நெறைய மோர்ட்டடெல்லா, அது பன்னி. எங்களுக்கு ரொட்டியும் ஆலிவும்.

நெசமா நல்லா இருந்தது அதுக்கு அப்புறம், நாங்களா சுத்துனதுதான். பெரிய சதுக்கத்துக்கு பக்கத்துல பொடெஸ்தா மாளிகைக்கு கீழ ஒரு வளைவு மண்டபம், ஒரு மூலைல சுவத்த பாத்து மெதுவா பேசுனா எதிர் மூலைல நிக்கறவங்களுக்கு கேக்கும். நடுவுல அவ்ளோ கூட்டம், சத்தம். நான் சுவத்துல காத வச்சு அஞ்சு நிமிஷம் நிக்கிறேன், ஒண்ணும் காணோம், அப்புறம் காதுக்குள்ளயே வந்து சொன்ன மாதிரி "கால் வலிக்குதுடி, எங்கயாச்சும் உக்காரலாமா"ன்னு அம்மா குரல். காலைல அந்த மெஷின்ல வந்தத விட தெளிவு!

உக்காந்த எடத்துல ரிக்கோட்டா சீஸ் உள்ள வச்ச தோர்தெல்லோனி பாஸ்தா, வெண்ணெயும் சேஜ் இலையும் மட்டும், அருமை. நம்மாளுங்க கவனிக்க வேண்டியது, 'ராகு'ன்னு போட்டிருந்தா அது கறி, பெரும்பாலும் மாடும் பன்னியும் கலந்தது. பில்லுல 'கொப்பெர்த்தோ'ன்னு தலைக்கு கொஞ்சம் சேத்திருப்பாங்க, ஏமாத்தல, உக்காந்து சாப்பிடறதுக்கான காசு அது.

சாயங்காலம் ஸ்த்ராதா மஜோரேல ஒரு பழைய வீடு, நடைபாதைக்கு தூணே மரம், அண்ணாந்து பாத்தா எங்கயோ மேல. கூரைல மூணு அம்பு குத்தி நிக்குதுன்னு ஒரு கதை. அம்மா தேடி தேடி ஒண்ணு கண்டுபுடிச்சுட்டேன்னாங்க, எனக்கு கம்பி மாதிரிதான் தெரிஞ்சுது.

டூருக்கு அஞ்சுக்கு மூணு, அதுவும் அந்த பொண்ணுக்காக. பெரியவங்கள கூட்டிட்டு போறவங்க நல்ல ஷூ வாங்கி குடுங்க, அந்த நடைபாதை தரை நல்லா பாலிஷ் போட்டது, ஓரத்துல மழைத்தண்ணி பட்ட எடம் வழுக்குது, நான் சிலிப்பர்ல போய் ரெண்டு தடவ தூண புடிச்சுக்கிட்டேன்.