ஒரே ஒரு டிக்கெட்: டவுன்ஹில்லா, ஸ்கீ ஜம்ப்பா, பயத்லானா?

பனி விளையாட்டு ஒன்றை நேரில் பார்க்க வேண்டும் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது குளிர்கால ஒலிம்பிக். நியாயமான ஆசைதான். ஆனால் எந்தத் திருவிழா என்பதைவிட எந்த விளையாட்டு என்பதை முதலில் முடிவு செய்வது நல்லது. உறைகுளிரில் மணிக்கணக்காக நிற்கப் போகிறோம். வெற்றியும் தோல்வியும் நம் கண்ணெதிரே தீர்மானமாகுமா, மலைக்குப் பின்னால் எங்கோ நடந்து முடிந்துவிடுமா? இந்தக் கேள்வியை வைத்துத்தான் டவுன்ஹில், ஸ்கீ ஜம்ப், பயத்லான் மூன்றையும் எடைபோடுகிறேன்.

ஸ்கீ கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக மலைச்சரிவில் பாய்ந்து இறங்கும் பந்தயம்தான் டவுன்ஹில். இதில் மலைதான் எல்லாம். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூலில் ஜனவரிதோறும் பந்தயம் நடக்கும் ஸ்ட்ரைஃப் தடத்தின் நீளம் 3,312 மீட்டர், இறக்கம் 860 மீட்டர். மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு 85 சதவீதம். 1997இல் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ரோபிள் இதை 1 நிமிடம் 51.58 வினாடியில் இறங்கி முடித்தார். தொலைக்காட்சியில் இந்தச் சரிவு பாதியாகத் தட்டையாகிவிடும். தடத்தின் ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் வயிற்றைப் பிசையும். பஞ்சுபோன்ற பனியும் அங்கே கிடையாது. தண்ணீர் ஏற்றி இறுக்கிய தளம், கண்ணாடி மாதிரி இருக்கும். அதன்மேல் ஸ்கீயின் விளிம்பு உரசும் சத்தம் வீரரைப் பார்ப்பதற்கு முன்பே காதுக்கு வந்துவிடும். சுவிட்சர்லாந்தின் வெங்கனில் 2013இல் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அந்த வேகத்தை உடம்பால் உணர வேண்டும் என்றால் இதைவிட்டால் வேறு வழியில்லை.

குறை என்னவென்றால், எங்கே நின்றாலும் ஒரு வீரர் நம் கண்ணில் படுவது சில வினாடிகள்தான். மீதியைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். முன்னணி வீரர்கள் முதல் முப்பது பேருக்குள் இறங்கிவிடுவதால், பந்தயம் முடிவதற்கு வெகுநேரம் முன்பே பரபரப்பு அடங்கிவிடும். மூடுபனியோ காற்றோ வந்தால் தடத்தைச் சுருக்குவார்கள், அல்லது பந்தயத்தையே வேறொரு நாளுக்குத் தள்ளிப்போடுவார்கள். ஒரே ஒரு நாள் கையில் இருப்பவருக்கு இது பெரிய ஆபத்து.

ஸ்கீயோடு உயரமான மேட்டிலிருந்து காற்றில் தாவும் ஸ்கீ ஜம்ப்பில் எதுவும் மறைவில் நடப்பதில்லை. மேலே இருக்கையை விட்டு நழுவுவது முதல் ஒரு காலை முன்வைத்து இறங்குவது வரை முழுசாகத் தெரியும். இரண்டாவது சுற்றில் முதல் சுற்றின் வரிசை தலைகீழாகிவிடும், சிறந்தவர் கடைசியில்தான் தாவுவார். டவுன்ஹில்லுக்கு நேர் எதிராக, போகப் போக இறுகும் ஆட்டம் இது. புத்தாண்டை ஒட்டி ஓபர்ஸ்ட்டார்ஃப், கார்மிஷ்-பார்டன்கிர்ஷன், இன்ஸ்புரூக், பிஷோஃப்ஸ்ஹோஃபன் என ஜெர்மனி, ஆஸ்திரியாவின் நான்கு ஊர்களில் நடக்கும் நான்கு மேட்டுத் தொடரில் முதல் சுற்றே ஒருவருக்கு ஒருவர் மோதும் ஜோடி முறை. நான்கையும் ஒரே தொடரில் முதன்முதலாக வென்றவர் ஸ்வென் ஹன்னவால்ட், 2001-02இல். அந்த நான்கில் ஒன்றே ஒன்று என்றால் நான் இன்ஸ்புரூக்கின் பெர்கீசெல் மேட்டைச் சொல்வேன். கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீத் வடிவமைத்த கோபுரம் அது, நகரத்துக்கு மேலே நிற்கிறது.

ஆனால் கண் பார்ப்பதும் புள்ளிப் பலகை காட்டுவதும் இங்கே ஒத்துப்போகாது. தூரத்துக்குப் புள்ளி, ஐந்து நடுவர்களின் பாணிப் புள்ளி, அதன்மேல் காற்றுக்கான கூட்டல் கழித்தல். இரண்டு மீட்டர் குறைவாகத் தாவியவர் ஜெயிப்பதும் உண்டு. காரணம் பிடிபட நமக்கும் பழக்கம் வேண்டும்.

பயத்லானைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பனியில் சறுக்கி ஓடிவந்து, மூச்சிரைக்க 50 மீட்டர் தொலைவில் ஐந்து குறிகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது குறியின் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. குண்டு பட்டதும் கறுப்பு வட்டம் வெள்ளையாகும். கூட்டம் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே குரலில் கத்தும், தவறினால் ஒரே பெருமூச்சு. தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் தண்டனை வளையம் சுற்ற வேண்டும். சுடுமிடம், வளையம், முடிவுக்கோடு எல்லாமே காலரிக்கு எதிரிலேயே இருக்கும். முதலில் வந்தவர் ஐந்து குண்டுக்குள் பின்னுக்குப் போவதை, பின்னால் வந்தவர் நிதானமாகச் சுட்டு வெளியேறுவதை, இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

எல்லா பயத்லானும் அப்படியல்ல. ஸ்ப்ரிண்ட் என்னும் குறுந்தூரப் பந்தயத்திலும் தனிநபர் பந்தயத்திலும் ஆள் ஆளாக இடைவெளி விட்டுக் கிளம்புவார்கள். யார் முன்னிலை என்பது பலகையைப் பார்த்தால்தான் புரியும். தனிநபர் பந்தயத்தில் தவறுக்கு வளையமும் இல்லை, ஒரு நிமிடம் கூட்டப்படும். அந்த நாட்களை விட்டுவிடுங்கள். துரத்தல் பந்தயத்துக்கு வாங்குங்கள். முன்பு நடந்த ஸ்ப்ரிண்ட்டில் முடித்தபோது இருந்த இடைவெளியோடே கிளம்புவதால், கோட்டை முதலில் தொட்டவரே வென்றவர், கணக்கே வேண்டாம். நான்கு முறை சுட வருவார்கள், கடைசி இரண்டும் நின்றபடி. தொடர் ஓட்டமும் அதற்கு இணை.

ஆகவே முதல் டிக்கெட் பயத்லானுக்கு, அதுவும் ஒலிம்பிக்கில் அல்ல, குளிர்காலம் முழுக்க ஊர் ஊராக நடக்கும் உலகக் கோப்பைத் தொடரின் ஒரு வாரத்தில். 2026 ஒலிம்பிக் அரங்குகள் இத்தாலியில் மிலானிலிருந்து கோர்த்தினா, அன்ட்ஹோல்ட்ஸ் வரை சிதறிக் கிடந்தன. உலகக் கோப்பையில் ஒரே பள்ளத்தாக்கில் தங்கி, சில நாட்களுக்குள் மூன்று நான்கு பந்தயம் பார்த்துவிடலாம். பனியில் நிற்கும் பழக்கம் வந்த பிறகு டவுன்ஹில்லுக்குப் போங்கள், முடிவுக்கோட்டுக்கு அல்ல, சரிவின் ஓரத்துக்கு.

பயத்லான் நடக்கும் அன்ட்ஹோல்ட்ஸோ, ஜெர்மனியின் ரூபோல்டிங்கோ, எங்கே போனாலும் ஒரு தொலைநோக்கி எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் காலிலிருந்துதான் ஏறும், தடித்த அட்டை ஒன்றைக் காலடியில் போட்டு நில்லுங்கள். முதல் மூன்று சுடுதல்களுக்கு எங்கே நின்றாலும் சரி, நான்காவதற்கு முன் சுடுமிடத்துக்கு எதிரே வந்துவிட வேண்டும்.