நான்கு மணி நேரம் கழித்து மிட்சுகோவும் 31 ரூ காம்போனும்

ஷிப்ர் வகை வாசனைத் திரவியத்தில் உயர்தரமான ஒன்றை, அதுவும் ஒன்றே ஒன்றை, வாங்குவதென்று முடிவு செய்து பலவற்றையும் கழித்துக்கட்டிய பிறகு எனக்கு எஞ்சியவை இரண்டு: கெர்லான் நிறுவனத்தின் மிட்சுகோ, ஷனேல் நிறுவனத்தின் 31 ரூ காம்போன். இரண்டையும் ஓ டி பர்ஃபம் என்ற நடுத்தரச் செறிவிலேயே அணிந்து பார்த்தேன், வாங்கியது மிட்சுகோ. ஆகவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

இந்த வகைக்கு இலக்கணம் வகுத்தது 1917-இல் பிரான்சுவா கோட்டி வெளியிட்ட ஷிப்ர். மேலே பெர்கமோட் பழத்தோலின் எண்ணெய். அடியில் சிஸ்டஸ் புதரின் பிசினான லாப்டனமும், ஓக் மரப்பட்டையில் பாசிபோலப் படரும் லைக்கனிலிருந்து எடுக்கப்படும் ஓக்மாஸும் (இனி ‘பாசி’ என்று சொல்வதும் இதைத்தான்). புளிப்பும் கூர்மையுமான தொடக்கத்துக்கும் ஈரமும் கசப்புமான அடிப்பகுதிக்கும் நடுவே பூக்கள் நிற்கின்றன. அந்த இழுபறிதான் ஷிப்ரின் உயிர். இரண்டே ஆண்டுகளில், 1919-இல், ஜாக் கெர்லான் அதே சட்டகத்துக்குள் பீச் பழம் மணக்கும் லாக்டோன் வகை வேதிப்பொருள் ஒன்றைச் சேர்த்து மிட்சுகோவை உருவாக்கினார். ஷனேலின் வாசனைக் கலைஞர் ஜாக் போல்ஜ் 2007-இல் 31 ரூ காம்போனை அமைத்தபோது போனது வேறு திசை: ஓக்மாஸை விலக்கிவிட்டு, மிளகு, ஐரிஸ் செடியின் கிழங்கு, பச்சோலி இலை ஆகியவற்றின் மணங்களின் துணையோடு ஷிப்ரின் உருவத்தை எழுப்பப் பார்த்தார். ஆக, ஒன்று நூறாண்டைக் கடந்த மரபு. மற்றது அந்த மரபின் தூணை எடுத்துவிட்டுக் கூரையை நிறுத்திக் காட்டும் துணிச்சல்.

குப்பியின் அழகு, நிறுவனத்தின் பெயர், பரிசாகக் கொடுத்தால் கிடைக்கும் மதிப்பு ஆகியவற்றில் இரண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. முதல் பதினைந்து நிமிடங்களை மட்டும் கணக்கில் எடுத்தால் 31 ரூ காம்போன் எளிதாக வென்றுவிடும்: பெர்கமோட்டின் துலக்கமும் மிளகின் சுறுசுறுப்பும் சேர்ந்து, அணிந்தவரையும் அருகில் இருப்பவரையும் உடனே வசப்படுத்துகின்றன. மிட்சுகோவின் தொடக்கம் அப்படி இல்லை. கசப்பும் மசாலா நெடியும் முன்னே வந்து நிற்க, பழம் பின்னால் ஒதுங்கியிருக்கிறது. கடையில் காகிதப் பட்டையில் தெளித்து முகர்ந்துவிட்டு, ‘இது பழங்காலத்துச் சரக்கு’ என்று பலர் கீழே வைத்துவிடுவதில் வியப்பில்லை.

ஆனால் ஷிப்ரை மதிப்பிட வேண்டிய இடம் அதுவன்று. பெர்கமோட் எண்ணெயில் மிகுந்திருக்கும் லிமோனீன், லினாலைல் அசிட்டேட் போன்றவை எளிதில் ஆவியாகிவிடுபவை. அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்தில் அவற்றின் ஆட்டம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நாள் முழுவதும் நம்மோடு இருக்கப்போவது கனமான மூலக்கூறுகளால் ஆன அடிமணம் மட்டுமே. விலையின் பெரும்பகுதியை நாம் கொடுப்பது அந்த நீண்ட பின்பகுதிக்குத்தான் என்றால், தேர்வும் அங்கேதான் நடக்க வேண்டும். காகிதப் பட்டை இதற்கு உதவாது. அதற்கு உடற்சூடும் கிடையாது, தோலின் எண்ணெய்ப் பசையும் கிடையாது. ஒரு முழங்கையின் உட்புறம் ஒன்று, மறு முழங்கையில் மற்றொன்று என ஒரே ஒரு முறை தெளித்து, தேய்க்காமல் உலரவிட்டு, அன்று வேறு எந்த மணப்பொருளும் பூசாமல், நான்காவது மணி நேரத்தில் முகர்ந்து பார்ப்பதே நேர்மையான சோதனை.

அந்த நேரத்தில் மிட்சுகோ அணிந்த கையில் பழம் பழமாக இருப்பதில்லை. பீச்சின் சதை மறைந்து அதன் தோல் மட்டும் காய்ந்து கிடப்பதைப் போன்ற மெல்லிய இனிப்பு. அதற்கு அடியில் நனைந்த மரப்பட்டை, கொஞ்சம் வெட்டிவேர், நாக்கில் உப்புப் பட்டது போன்ற ஒரு வறட்சி. மூக்கைத் தோலோடு ஒட்டி வைத்தால் ஒரு மணம், ஒரு சாண் தள்ளி வைத்தால் வேறொன்று. தள்ளி வைக்கும்போது பூக்களின் நிழல் திரும்ப எட்டிப் பார்க்கிறது. ஆறாம் மணி நேரத்திலும் இந்த மாற்றம் நிற்பதில்லை. மறுநாள் காலையில் சட்டையின் கைமடிப்பில் எஞ்சியிருப்பது பாசியும் பிசினும்தான் என்றாலும், அந்த மிச்சமே தனியாக ஒரு வாசனைத் திரவியம் என்று விற்கத் தகுந்த அளவுக்கு முழுமையாக இருக்கிறது.

மறு கையில் 31 ரூ காம்போன் அதே நேரத்தில் மிக நாகரிகமாக அடங்கிவிட்டிருக்கிறது. மிளகு போய்விட்டது, ஐரிஸின் மாவு போன்ற, முகப்பூச்சுப் பெட்டியைத் திறந்தது போன்ற வறண்ட மென்மையும், மண்வாடை நீங்கிய பச்சோலியின் சாயலும் எஞ்சியிருக்கின்றன. குறை என்று சுட்ட எதுவும் இல்லை. இருந்தாலும் மாற்றம் முடிந்துவிட்டது. இனி இதே மணம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிவதைத் தவிர வேறொன்றும் நடக்கப்போவதில்லை. ஓக்மாஸ் வெறும் மணமாக மட்டும் இருப்பதில்லை, மற்றவற்றைப் பிடித்து வைக்கும் வேலையையும் செய்கிறது என்று வாசனைக் கலைஞர்கள் சொல்வதன் பொருளை இந்த இரண்டு கைகளையும் மாறி மாறி முகரும்போதுதான் நான் விளங்கிக்கொண்டேன். பச்சோலியால் எடையைத் தாங்க முடிகிறது. பாசி கொடுக்கும் அந்த ஈரமான ஆழத்தை அதனால் ஈடுகட்ட முடியவில்லை.

‘இன்று விற்கும் மிட்சுகோவில் பழைய ஓக்மாஸ் எங்கே இருக்கிறது’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஓக்மாஸில் இயல்பாக இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் ஆகிய இரண்டும் தோல் ஒவ்வாமையைத் தூண்டுபவை என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அவற்றை அழகுசாதனப் பொருள்களில் தடை செய்தது. 2021 ஆகஸ்டு முதல் அவை சேர்ந்த பொருள்களை அங்கே விற்கவும் முடியாது. தடை அந்த இரண்டு வேதிப்பொருள்களுக்குத்தானே தவிர ஓக்மாஸுக்கு அன்று. அவற்றை நீக்கிச் சுத்திகரித்த சாற்றை இன்றும் அளவோடு பயன்படுத்தலாம். 2008-இல் கெர்லானின் வாசனைக் கலைஞராகப் பொறுப்பேற்ற தியரி வாசர் இந்தக் கட்டுப்பாடுகளுக்குள் மிட்சுகோவைச் செப்பனிட்டார். பழைய குப்பிகளைத் தேடி ஏலத்தில் வாங்குவோரின் ஏக்கம் புரிகிறது, ஆனால் நான் ஒப்பிடுவது இன்று கடையில் புதிதாக வாங்கக்கூடிய குப்பியை. அந்த அளவில் அடிமணம் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது.

31 ரூ காம்போனைத் தேர்ந்தெடுப்பவரின் பக்கமும் வலுவானதுதான். மூடிய அறையில் பலரோடு சேர்ந்து வேலை செய்பவருக்கு அது எந்தச் சங்கடத்தையும் தராது. பாசியின் மணம் பூஞ்சணம் பிடித்ததாகவே படும் மூக்குகளுக்கு மிட்சுகோவை எவ்வளவு புகழ்ந்தாலும் பயன் இல்லை. ஓக்மாஸ் ஒவ்வாமை உள்ளவர் மிட்சுகோவைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் ஷனேலின் இந்த வரிசை 75 மில்லியோடு 200 மில்லி குப்பியிலும் வருகிறது என்பதைக் கண்டு, மில்லிக் கணக்கில் லாபம் என்று பெரியதை வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. எப்போதாவது அணிபவர் அதைத் தீர்ப்பதற்குள் காற்றும் வெளிச்சமும் பட்டு முதலில் கெடுவது பெர்கமோட்தான். 31 ரூ காம்போனின் முதன்மையான கவர்ச்சியே அந்தத் தொடக்கத்தில் இருப்பதால் இழப்பும் அதற்கே அதிகம்.

எவ்வளவு நேரம் நீடிக்கும் என்ற கணக்கில் மட்டும் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அணிந்தவரின் மூக்கு தன் மணத்துக்கு விரைவில் பழகிவிடும். போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் அதை நன்றாகவே உணர்ந்துகொண்டிருப்பார். எக்ஸ்ட்ரே என்ற மிக அடர்ந்த செறிவில் வரும் மிட்சுகோவைச் சிறிது நேரமே முகர்ந்திருக்கிறேன் என்பதால், ஓ டி பர்ஃபமை விட அது மென்மையாகவும் தோலோடு ஒட்டியும் இருப்பதாகப் பட்டது என்பதற்கு மேல் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

மிட்சுகோவை வாங்குவதென்று முடிவு செய்தவர், வெளியே கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு தெளிப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. முரட்டுத் தொடக்கம் வீட்டுக்குள்ளேயே முடிந்து, பிறர் முன் போகும்போது பழமும் பாசியும் ஒன்றோடொன்று இணங்கியிருக்கும். வெளிர் நிறத் துணியில் நேராகத் தெளிக்கக் கூடாது; கறை படியக்கூடும்.