குதுப் மினாருக்கு ஒரு மணி நேரம், மெஹ்ரோலிக்கு அரை நாள்

டெல்லி டூர் வேன்கள் குதுப் மினாரில் முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடும். அதில் போகாதீர்கள். மினாரைச் சுற்றியுள்ள இந்த மெஹ்ரோலிப் பக்கத்தில் டிக்கெட் எடுத்துப் பார்ப்பதைவிட, சும்மா நடந்து பார்க்கக் கிடப்பதுதான் அதிகம்.

மெட்ரோ மஞ்சள் லைனில் 'குதுப் மினார்' என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பெயரை நம்பி இறங்கினால் மினார் சுமார் 2 கி.மீ. தள்ளி நிற்கும். வெயிலில் நடக்காமல் ஆட்டோ பிடியுங்கள், ஏறும் முன்பே ரேட் பேசிவிடுங்கள். நுழைவுச் சீட்டு இந்தியர்களுக்குக் கவுன்டரில் 40 ரூபாய், ஆன்லைனில் 35. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். வெளிநாட்டவருக்கு 600 என்றாலும் இலங்கை பாஸ்போர்ட்டுக்கு சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) கணக்கில் இந்தியக் கட்டணமே. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

மினாருக்குள் 379 படிகள் உண்டு, ஆனால் ஏற முடியாது. 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து ஏற்பட்ட நெரிசலில் 45 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், இறந்தார்கள். அன்று முதல் கதவு பூட்டியே கிடக்கிறது. 72.5 மீட்டர் உயரத்தையும் கழுத்து வலிக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். குளிர்காலக் காலைகளில் பனிமூட்டம் உச்சியை மறைத்துவிடும். மாலை நாலு மணிக்கு மேல் சிவப்புக் கல் நன்றாக எடுபடும்.

நேரத்தைப் பக்கத்து மசூதியில் செலவழியுங்கள். 27 கோயில்களின் கற்கள் இதில் சேர்ந்தன என்று வாசல் கல்வெட்டே சொல்கிறது. தூண்களில் சங்கிலியும் மணியும் செதுக்கியிருப்பது நம் ஊர்க் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும். உயரம் போதாத இடங்களில் ஒரு தூணின் தலையில் இன்னொன்றை ஏற்றியிருக்கிறார்கள்.

முற்றத்து இரும்புத் தூணுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவுகளையும் கிட்டப் போய்ப் பாருங்கள். கற்கள் படுக்கைவாட்டில், ஒன்றைவிட ஒன்று சற்று முன்தள்ளி அடுக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு வளைவு, வேலைப்பாட்டில் நம் கோயில் கொத்தனாரின் பழைய முறை. அங்கிருந்து 1311இல் கட்டிய அலாய் தர்வாசா என்ற நுழைவாயிலுக்கு வந்தால், ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் நூறு வருடத்துக்குச் சற்று மேல்தான். கைடுகள் பெரும்பாலும் இதை விட்டுவிட்டு, தூண் ஏன் துருப்பிடிக்கவில்லை என்ற கதைக்குப் போய்விடுவார்கள். (இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், மேலே காப்புப் படலம் படிந்துவிடுகிறது. அவ்வளவுதான்.)

அடுத்து, அனுவ்ரத் மார்க் வழியாக உள்ளே போகும் மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா. கட்டணம் இல்லை. வழிகாட்டிப் பலகைகள் போதாது, ஆஃப்லைன் மேப் இறக்கிக்கொள்ளுங்கள். எங்கும் சீமைக்கருவேலம், மெல்லிய செருப்பை முள் துளைத்துவிடும், ஷூதான் சரி. டெல்லி சுல்தான் பால்பனின் கல்லறையில் கூரை போய்விட்டது, ஆனால் இந்தியாவில் நிலைத்திருக்கும் மிகப் பழைய உண்மையான (ஆப்புக் கற்களாலான) வளைவு என்று சொல்லப்படுவது அங்கேதான். ஜமாலி கமாலியில் மசூதியைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்: சிவப்பும் நீலமுமான பூச்சு வேலை பக்கத்துக் கல்லறை அறைக்குள் இருக்கிறது. பூட்டியிருந்தால் காவலாளியிடம் கேளுங்கள். 'ராஜோன் கி பாவ்லி' என்ற படிக்கிணறு ராஜாக்களுடையது அல்ல. 'ராஜ்' என்றால் இங்கே கொத்தனார். இருட்டுவதற்குள் பூங்காவை விட்டு வெளியே வந்துவிடுங்கள், ஆள் நடமாட்டம் இருக்காது.

கால் தாங்கினால் மெஹ்ரோலி பஸ் நிலையம் வரை போகலாம். எதிரே மேட்டில் அக்பரின் தளபதி ஆதம் கான் கல்லறை. சந்துக்குள் சூஃபி ஞானி பக்தியார் காக்கியின் தர்கா. தலையை மூடத் துணி எடுத்துப்போங்கள். ஒட்டியே ஜஃபர் மஹல் அரண்மனை, கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர் தனக்கென்று ஒதுக்கிய கல்லறை இடம் காலியாகவே இருக்கிறது. அவரை ரங்கூனில் புதைத்தார்கள்.