என்டாங்கிள்மென்டைச் செய்து பார்க்க ஓர் இலவசக் கணக்கு: ஐபிஎம் குவாண்டம் பிளாட்ஃபார்ம்

குவாண்டம் கம்ப்யூட்டிங்கில் என்டாங்கிள்மென்ட், அதாவது க்யூபிட்களை (குவாண்டம் கணினியின் பிட்களை) தனித்தனியாக விவரிக்க முடியாதபடி பிணைக்கும் பின்னல், எதற்கு என்று புரியாமல் வீடியோ மேல் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஐபிஎம் குவாண்டம் பிளாட்ஃபார்மில் ஒரு கணக்கு தொடங்குங்கள். 2016 மே மாதம் வெறும் 5 க்யூபிட்டோடு இணையத்துக்கு வந்த சேவை, இன்றைக்கு ஐபிஎம்மின் ஹெரான் குவாண்டம் சிப்களில் 133, 156 க்யூபிட் வரை போய்விட்டது. இலவசத் திட்டத்தில் மாதம் 10 நிமிடம் நிஜ இயந்திரமே கிடைக்கிறது. கேட்கக் குறைவுதான், ஆனால் சின்ன சர்க்யூட் (க்யூபிட்களில் வரிசையாகச் செய்யும் செயல்கள்) சில நொடிகளில் ஓடி முடிந்துவிடும் என்பதால் கற்றுக்கொள்ளத் தாராளம்.

சர்க்யூட்டை இழுத்துப் போட்டு வரையும் கம்போசர் பக்கத்தில் முதல் க்யூபிட்டில் ஓர் எச் கேட் (0, 1 இரண்டும் கலந்த நிலைக்குக் கொண்டுபோகும் செயல்), அப்புறம் அதிலிருந்து இரண்டாவதற்கு ஒரு சி-நாட் (முதலாவது 1 என்றால் இரண்டாவதைப் புரட்டும் கேட்). அவ்வளவுதான், பின்னல் தயார். அளந்தால் 00, 11 இரண்டும் பாதிக்குப் பாதி வரும். நிஜ சிப்பில் 01, 10 பட்டைகளும் குட்டியாகத் தலைகாட்டும், அது இயந்திரத்தின் பிழை. இதோடு நிறுத்திவிடாதீர்கள். முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட இரண்டு பேரும் இப்படித்தான் ஒரே பதிலைச் சொல்வார்கள், இதில் குவாண்டம் எங்கே வந்தது என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அளப்பதற்கு முன் இரண்டு க்யூபிட்டிலும் இன்னொரு எச் போட்டுப் பாருங்கள். வெறுமனே பேசி வைத்த ஜோடியாக இருந்தால் நான்கு விடையும் கால்வாசி கால்வாசியாகச் சிதறியிருக்கும். பின்னிய ஜோடி அப்போதும் 00, 11 என்றே நிற்கும். இந்தச் சேவையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

சரி, கணக்கிடுவதற்கு இந்தப் பின்னல் எப்படி உதவுகிறது? பின்னல் இல்லாவிட்டால் ஒவ்வொரு க்யூபிட்டையும் இரண்டிரண்டு எண்ணாகத் தனித்தனியாக எழுதிவிடலாம், 30 க்யூபிட்டுக்கு 60 எண் போதும், லேப்டாப்பே பார்த்துக்கொள்ளும். பின்னிவிட்டால் பொதுவாகச் சுமார் 107 கோடி எண்கள் தேவைப்படும். அதற்காகப் பின்னல் இருந்தாலே வேகம் வந்துவிடாது: எச், எஸ் (இன்னொரு ஒற்றை க்யூபிட் கேட்), சி-நாட் மட்டும் வைத்து எத்தனை க்யூபிட்டைப் பின்னினாலும் சாதாரணக் கணினி எளிதாக ஈடுகொடுத்துவிடும், காட்டெஸ்மன்-நில் தேற்றம் சொல்வது அதைத்தான். வேகம் வேண்டுமென்றால் இந்த மூன்றில் அடங்காத டி மாதிரி ஒரு கேட்டும் சேர வேண்டும்.

குறை என்றால், ஹெரான் சிப்பில் ஒரு க்யூபிட்டுக்கு நேரடியாக இணைந்த அண்டை க்யூபிட் அதிகபட்சம் மூன்றுதான். தூரத்தில் இருக்கும் இரண்டைப் பின்னச் சொன்னால் நடுவே ஸ்வாப் (இரண்டு க்யூபிட்டின் நிலையை இடம் மாற்றும் கேட்) நுழையும், ஒரு ஸ்வாப்புக்கு மூன்று சி-நாட், பிழையும் அதற்கேற்பக் கூடும். ஐபிஎம்மின் பைத்தான் மென்பொருளான கிஸ்கிட் தானே வழி கண்டுபிடித்துத் தருகிறது என்றாலும், ஓட்டும் முன் அது மாற்றி எழுதிய சர்க்யூட்டை ஒருதரம் திறந்து பாருங்கள். நீங்கள் வைத்த சி-நாட் அங்கே சிப் நேரடியாகச் செய்யும் சி-இசட் கேட்டாகவும் ஒற்றை க்யூபிட் கேட்களாகவும் பிரிந்து கிடக்கும். பைத்தான் தெரிந்தவர்கள் கம்போசரில் ரொம்ப நாள் உட்கார வேண்டாம், நேராகக் கிஸ்கிட்டுக்கே போய்விடலாம்.